பழைய எம்டிபி ஃபைலை ஏசிசிடிபியாக மாற்றுவது எப்படி

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் பழைய எம்டிபி (.mdb) டேட்டாபேஸைப் புதிய ஏசிசிடிபி (.accdb) வடிவத்துக்கு மாற்ற 'சேவ் ஆஸ்' கொடுத்து இரண்டு கிளிக் செய்தால் போதும். அந்த இரண்டு கிளிக்குக்கு முன்னால் ஒரு மணி நேர வேலையும், பின்னால் ஒரு நாள் வேலையும் இருக்கின்றன. சிக்கல் வருவதெல்லாம் அந்த முன்னாலும் பின்னாலும்தான். குறிப்பாக, மாற்றிய பிறகும் பழைய ஃபைல் அதே ஃபோல்டரில், அதே பெயரில், திறக்கக்கூடிய நிலையில் இருக்கும். யாரோ ஒருவர் அதைத் திறந்து நாள் முழுக்க என்ட்ரி போடுவார். அதனால், பழைய ஃபைலை யாரும் திறக்க முடியாதபடி செய்த பிறகுதான் மாற்றம் முடிந்தது என்று கணக்கு.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

எம்டிபி என்ற பெயரில் நான்கைந்து தலைமுறை ஃபைல்கள் இருக்கின்றன. ஆக்சஸ் 2.0, 95, 97, 2000, 2002-2003 எல்லாவற்றுக்கும் அதே எக்ஸ்டென்ஷன்தான். 2007-இல்தான் ஏசிசிடிபி வந்தது. இதில் பெரிய கோடு 97-க்கும் 2000-க்கும் இடையில் விழுகிறது. 2000, 2002-2003 வடிவ ஃபைல்களை இன்றைய ஆக்சஸ் நேரடியாகத் திறக்கும். 97-ஐயும் அதற்கு முந்தையவற்றையும் ஆக்சஸ் 2013 முதல் எந்தப் பதிப்பும் திறக்காது. முந்தைய பதிப்பில் உருவாக்கிய டேட்டாபேஸ் என்று சொல்லிக் கைவிரித்துவிடும்.

ஃபைல் திறந்தால் டைட்டில் பாரைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 'ஆக்சஸ் 2000 ஃபைல் ஃபார்மட்' அல்லது 'ஆக்சஸ் 2002-2003 ஃபைல் ஃபார்மட்' என்று எழுதியிருக்கும். திறக்கவில்லை என்றால் ஃபைலின் ஒரு நகலை ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் புரோகிராம்) திறங்கள். முதல் நான்கு பைட்டைத் தாண்டியதும் 'ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி' என்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது எம்டிபி. 'ஸ்டாண்டர்ட் ஏஸ் டிபி' என்றிருந்தால் எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் அது ஏசிசிடிபி. தொடக்கத்திலிருந்து எண்ணி 21-ஆவது பைட் 00 என்றால் 97 காலத்து ஜெட் 3 (ஜெட் என்பது ஆக்சஸின் பழைய டேட்டாபேஸ் என்ஜின், ஏஸ் அதன் புதிய வடிவம்). 01 என்றால் 2000 முதல் 2003 வரையிலான ஜெட் 4. இரண்டு வரியும் தெரியவில்லை என்றால் அது ஆக்சஸ் ஃபைலே அல்ல, அல்லது தலைப்பகுதி கெட்டுப்போயிருக்கிறது. நோட்பேடிலும் அந்த வரியைப் பார்க்கலாம், ஆனால் மூடும்போது சேமிக்கக் கேட்டால் 'வேண்டாம்' கொடுங்கள். சேமித்தால் ஃபைல் அத்தோடு காலி.

எக்ஸ்டென்ஷன் எம்டிஇ (கம்பைல் செய்து பூட்டிய எம்டிபி) என்றிருந்தால் இங்கேயே நில்லுங்கள். அதில் கோடின் மூலம் கிடையாது, ஃபார்ம்களையும் ரிப்போர்ட்களையும் டிசைன் வியூவில் திறக்க முடியாது, அதை மாற்றவும் முடியாது. அது எந்த எம்டிபியிலிருந்து உருவானதோ அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் டேபிள்களையும் க்வெரிகளையும் இம்போர்ட் செய்துகொண்டு மற்றதைப் புதிதாக எழுதுவதுதான் வழி.

மாற்றாமல் விடவேண்டிய ஃபைல்கள்

பழைய ஃபைல் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்றில்லை. ஏசிசிடிபியில் இரண்டு வசதிகள் கிடையவே கிடையாது: எம்டிடபிள்யூ ஃபைலை வைத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுமதி கொடுக்கும் யூசர்-லெவல் செக்யூரிட்டி ஒன்று, ஒரே டேட்டாபேஸின் பல நகல்களை ஒன்றோடொன்று ஒத்திசைக்கும் ரெப்ளிகேஷன் இன்னொன்று. இவற்றை நம்பி நடக்கும் டேட்டாபேஸை மாற்றினால், யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு அத்தனையும் போய்விடும். அதேபோல் எங்காவது ஒரு கணினியில் இன்னும் ஆக்சஸ் 2003 ஓடுகிறது என்றால், டேட்டா இருக்கும் ஃபைலை எம்டிபியாகவே விடுங்கள். 2003-ஆல் ஏசிசிடிபியைத் திறக்கவும் முடியாது, அதில் உள்ள டேபிளை லிங்க் செய்யவும் முடியாது. எதிர்த்திசை பிரச்சினையில்லை, ஃபார்ம்-ரிப்போர்ட் உள்ள ஏசிசிடிபி முன்பக்க ஃபைலிலிருந்து எம்டிபி டேபிள்களை லிங்க் செய்யலாம்.

மாற்றுவதற்கு முன்

எல்லோரையும் வெளியே வரச் சொல்லுங்கள். ஃபோல்டரில் அதே பெயரில் எல்டிபி ஃபைல் (டேட்டாபேஸ் திறந்திருக்கும்போது ஆக்சஸ் உருவாக்கும் பூட்டு ஃபைல்) இருந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள், அல்லது எப்போதோ கணினி நடுவில் நின்றுபோய் அந்த ஃபைல் அனாதையாகத் தங்கியிருக்கிறது. அழித்துப் பாருங்கள். அழிந்தால் அனாதை, விண்டோஸ் அழிக்க மறுத்தால் ஆள் இருக்கிறார். ஆள் உள்ளே இருக்கும்போது எடுத்த நகலை பேக்கப் என்று நம்பக் கூடாது, பாதி எழுதிய நிலையில் பிடித்திருக்கும்.

இரண்டு நகல் எடுங்கள். ஒன்று வேறு டிஸ்கில், தொடாமல் இருக்கட்டும். இனி எல்லா வேலையும் இரண்டாவது நகலில்தான். அதை உங்கள் கணினியின் சொந்த டிஸ்கில் வையுங்கள். நெட்வொர்க் வழியாக மாற்றும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் அரைகுறை ஃபைல்தான் மிஞ்சும். ஃபைலின் அளவைப்போல் மூன்று மடங்கு காலியிடம் இருக்கட்டும். 97 ஃபைல் என்றால் வீக்கத்தையும் எதிர்பாருங்கள். 97 ஒரு எழுத்தை ஒரு பைட்டில் வைத்தது, பக்க அளவு 2 கேபி. 2000 முதல் யூனிகோட், பக்கம் 4 கேபி. அதனால் மாற்றிய ஃபைல் பெரிதாக இருந்தால் பதற வேண்டாம். ஆனால் ஏசிசிடிபிக்கும் உச்சவரம்பு 2 ஜிபிதான். 1.5 ஜிபியைத் தாண்டிய எம்டிபி என்றால், பழைய ஆண்டுகளின் டேட்டாவைத் தனி ஃபைலாகப் பிரித்துவிட்டு மாற்றுங்கள்.

பிறகு நகலைத் திறந்து 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டுங்கள். ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே திறந்தால் தொடக்க ஃபார்மும் ஆட்டோஎக்ஸிக் மேக்ரோவும் ஓடாது. காம்பேக்ட் தோற்றுப்போனால் மாற்றமும் தோற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டேபிளாகத் திறந்து கடைசி வரி வரை போங்கள். ஏதாவது ஒரு வரியில் எல்லாப் பத்தியும் (ஃபீல்டும்) '#டெலீட்டட்' அல்லது '#எரர்' என்று காட்டினால் அந்த வரி கெட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்ற வரிகளைப் புதிய டேபிளுக்கு நகர்த்துங்கள்.

பாஸ்வேர்ட் போட்ட ஃபைல் என்றால் இப்போதே எடுத்துவிடுங்கள். 'ஓப்பன்' பெட்டியில் பட்டனுக்குப் பக்கத்திலுள்ள அம்பை அழுத்தி 'ஓப்பன் எக்ஸ்க்ளூசிவ்' கொடுத்துத் திறந்தால்தான் பாஸ்வேர்டை எடுக்க விடும். மாற்றி முடித்த பிறகு புதிய பாஸ்வேர்ட் போடலாம். ஏசிசிடிபியின் பாஸ்வேர்ட் உண்மையாகவே ஃபைலை என்க்ரிப்ட் செய்கிறது, எம்டிபியுடையது வெறும் வாசல் பூட்டு.

கடைசியாக, ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை வரி, தொகை உள்ள பத்திகளின் கூட்டுத்தொகை, தேதிப் பத்திகளின் முதல் தேதியும் கடைசித் தேதியும். இதைத் தவிர்ப்பவர்கள் பலர். பிறகு மாதங்கள் கழித்து 'மாற்றும்போது ஏதோ விட்டுப்போயிற்று' என்று யாராவது சொன்னால், ஆமா இல்லையா என்று சொல்ல கையில் ஒன்றும் இருக்காது.

2000, 2002-2003 ஃபைலை மாற்றும் படிகள்

1. நகலை ஷிஃப்ட் பிடித்துத் திறங்கள். திறந்திருக்கும் டேபிள், ஃபார்ம், க்வெரி எல்லாவற்றையும் மூடுங்கள். ஒன்று திறந்திருந்தாலும் அதை மூடட்டுமா என்று ஆக்சஸ் கேட்கும், மூடாமல் மாற்றாது.

2. 'ஃபைல்' மெனுவில் 'சேவ் ஆஸ்', அதில் 'சேவ் டேட்டாபேஸ் ஆஸ்', வலப்பக்கம் 'ஆக்சஸ் டேட்டாபேஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து கீழே உள்ள 'சேவ் ஆஸ்' பட்டன். 2010-இல் இது 'சேவ் அண்ட் பப்ளிஷ்' என்பதற்குள் இருக்கும். 2007-இல் ஆஃபிஸ் பட்டனுக்குள்.

3. புதிய பெயர் கொடுங்கள். வடிவம் ஏசிசிடிபி என்று இருக்கிறதா பாருங்கள்.

4. 2003-உம் அதற்கு முந்தைய பதிப்பும் இனி இதைத் திறக்க முடியாது என்று ஒரு செய்தி வரும். 'ஓகே' கொடுத்தால் புதிய ஃபைல் திறந்தபடி இருக்கும். பழையது அப்படியே பக்கத்தில் கிடக்கும்.

5. நேவிகேஷன் பேனில் 'கன்வெர்ஷன் எரர்ஸ்' என்று ஒரு டேபிள் புதிதாக முளைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் எந்தப் பொருளில் என்ன கோளாறு என்று அதில் வரிவரியாக இருக்கும்.

இந்த வழி பாதியில் நின்றுவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. காலி ஏசிசிடிபி ஒன்றை உருவாக்கி, 'எக்ஸ்டெர்னல் டேட்டா' டேபில் ஆக்சஸிலிருந்து இம்போர்ட் கொடுத்து, ஒவ்வொரு டேபாகப் போய் 'செலக்ட் ஆல்' அழுத்துங்கள். 'ஆப்ஷன்ஸ்' பட்டனை விரித்தால் ரிலேஷன்ஷிப், மெனு-டூல்பார், இம்போர்ட்-எக்ஸ்போர்ட் ஸ்பெசிஃபிகேஷன் ஆகியவற்றுக்கான டிக் பெட்டிகள் இருக்கும்; எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். கொஞ்சம் அடிபட்ட ஃபைலுக்கு இந்த வழிதான் நல்லது, ஏனென்றால் கெட்ட ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுவரலாம். ஆனால் தொடக்க ஃபார்ம் முதலிய ஸ்டார்ட்அப் அமைப்புகளும் விபிஏ (ஆக்சஸின் உள்ளே கோட் எழுதும் மொழி) பயன்படுத்தும் வெளி லைப்ரரிகளின் பட்டியலான ரெஃபரன்ஸ்களும் இம்போர்ட்டில் வராது. அவற்றைக் கையால் அமைக்க வேண்டும்.

பெரிய டேபிளைக் கையாளும்போது பூட்டு எண்ணிக்கை மீறிவிட்டது, மேக்ஸ்லாக்ஸ்பெர்ஃபைல் மதிப்பைக் கூட்டு என்று பிழை வரலாம். அதன் இயல்பு மதிப்பு 9500. விபிஏ எடிட்டரில் கன்ட்ரோல்-ஜி அழுத்தி இமீடியட் ஜன்னலில் டிபிஎன்ஜின் பொருளின் செட்ஆப்ஷன் வழியாக 200000 ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஆக்சஸை மூடியதும் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும், ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டியதில்லை.

97-உம் அதற்கு முந்தையதும்

நடுவில் ஒரு படிக்கல் வேண்டும். 97 ஃபைலுக்கு ஆக்சஸ் 2003, 2007, 2010 இவற்றில் ஏதாவது ஒன்று. 2.0, 95 ஃபைல்களுக்கு 2003-ஐப் பிடித்து, அதில் 2002-2003 வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு மேலே சொன்ன படிகளுக்கு வாருங்கள். 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. எனவே அதை அன்றாடக் கணினியில் நிறுவாமல், இணையம் துண்டித்த விர்ச்சுவல் மெஷினில் வைத்து இந்த ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

பழைய ஆக்சஸ் எங்கும் கிடைக்கவில்லையா? டேபிள்கள் மட்டும் போதும் என்றால் வழி உண்டு. லினக்ஸில் எம்டிபி-டூல்ஸ் என்ற தொகுப்பு ஜெட் 3 ஃபைலைப் படிக்கும். டேபிள் பெயர்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் சிஎஸ்வியாகத் தரும். விண்டோஸோடு வரும் 32-பிட் ஜெட் டிரைவரும் 97 டேபிள்களைப் படிக்கும். ஃபார்ம், ரிப்போர்ட், மேக்ரோ, கோட் எதுவும் இந்த வழிகளில் வராது.

97 காலத்தில் தமிழ் உள்ளீடு பெரும்பாலும் 8-பிட் எழுத்துருக்களில்தான் நடந்தது. அந்தப் பத்திகள் மாற்றிய பிறகும் யூனிகோட் தமிழாக ஆகிவிடாது. ஆக்சஸைப் பொறுத்தவரை அவை ஐரோப்பிய எழுத்துகள். அப்படியே யூனிகோடுக்கு ஏற்றிவிடும். பழைய எழுத்துருவைப் போட்டால்தான் தமிழாகத் தெரியும், வரிசைப்படுத்தினால் அகர வரிசை வராது. பெயர்ப் பத்தியை சிஎஸ்வியாக எடுத்து, எந்தக் குறியீடு என்று உறுதி செய்துகொண்டு, குறியீடு மாற்றியில் போட்டு, திரும்ப ஏற்றுவது தனி வேலை. வடிவ மாற்றம் முழுதாகச் சரிபார்த்து முடிந்த பிறகே இதைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பிழை எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கோட் ஏன் திடீரென்று நிற்கிறது

புதிய ஃபைலைத் திறந்ததும் மஞ்சள் பட்டையில் கோட் தடுக்கப்பட்டது என்று வரும். ஃபைல் இருக்கும் ஃபோல்டரை ட்ரஸ்ட் சென்டரில் 'ட்ரஸ்டட் லொக்கேஷன்ஸ்' பட்டியலில் சேர்த்தால் போதும். மேக்ரோ பாதுகாப்பையே கழற்றிவிடும் வேலை வேண்டாம்.

அடுத்து ஆல்ட்-எஃப்11, 'டூல்ஸ்', 'ரெஃபரன்ஸஸ்'. பட்டியலில் 'மிஸ்ஸிங்' என்று தொடங்கும் வரி இருக்கிறதா பாருங்கள். இது புதியவர்களை ரொம்பக் குழப்பும் இடம். எப்போதோ பயன்படுத்திய ஒரு காலண்டர் கன்ட்ரோல் இப்போது இல்லை. ஆனால் பிழை வருவதோ 'டேட்' என்ற சாதாரண ஃபங்ஷனில், அல்லது 'லெஃப்ட்'டில், 'ஃபார்மட்'டில். காரணம், ஒரு லைப்ரரி காணாமல் போனால் விபிஏ மற்ற லைப்ரரிகளிலும் பெயர்களைச் சரியாகத் தேட முடியாமல் தடுமாறுகிறது. பிழை காட்டும் வரியை நோண்டிப் பயனில்லை. 'மிஸ்ஸிங்' வரியின் டிக்கை எடுங்கள். ஃபங்ஷன்கள் தானாக உயிர் பெறும். அந்தக் காலண்டர் கன்ட்ரோல் ஆக்சஸ் 2010-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தேதிப் பத்திக்கு இப்போது உள்ளேயே தேதி தேர்வு வசதி இருப்பதால் ஃபார்மிலிருந்து பழைய கன்ட்ரோலை அழித்துவிடலாம்.

அதே பட்டியலில் டிஏஓ 3.6 (கோடிலிருந்து டேபிள்களை அணுகும் பழைய லைப்ரரி) இருந்தால் அதை எடுத்துவிட்டு 'ஆக்சஸ் டேட்டாபேஸ் என்ஜின் ஆப்ஜெக்ட் லைப்ரரி'யை டிக் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. முதலில் பழையதை எடுத்தால்தான் புதியது ஏறும். கோடில் 'டிம் ஆர்எஸ் ஆஸ் ரெக்கார்ட்செட்' என்று மொட்டையாக இருக்கும் வரிகளை 'டிம் ஆர்எஸ் ஆஸ் டிஏஓ.ரெக்கார்ட்செட்' என்று மாற்றுங்கள். டேட்டாவை அணுகும் இன்னொரு லைப்ரரியான ஏடிஓவிலும் அதே பெயரில் ஒரு ரெக்கார்ட்செட் உண்டு. பட்டியலில் அது மேலே இருந்தால் விபிஏ அதைத்தான் எடுக்கும், ஓடும்போது 'டைப் மிஸ்மேட்ச்' என்று விழும்.

நிறுவியிருப்பது 64-பிட் ஆஃபிஸ் என்றால் (2019 முதல் இயல்பாக நிறுவுவது அதைத்தான்) விண்டோஸ் ஏபிஐயை (விண்டோஸின் உள் ஃபங்ஷன்களை) அழைக்கும் 'டிக்ளேர்' வரிகள் சிவப்பாக நிற்கும். 'டிக்ளேர்' என்ற சொல்லுக்கு அடுத்து 'பிடிஆர்சேஃப்' சேர்க்க வேண்டும். அது வெறும் ஒப்புதல் முத்திரை மாதிரிதான். ஹேண்டிலையும் பாயின்ட்டரையும் பிடிக்கும் மாறிகளை 'லாங்'கிலிருந்து 'லாங்பிடிஆர்' ஆக்குவதே உண்மையான திருத்தம். எல்லா 'லாங்'கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். வெறும் எண்ணிக்கையை வைத்திருக்கும் மாறி அப்படியே இருக்க வேண்டும்.

'அப்ளிகேஷன்.ஃபைல்சர்ச்' ஆஃபிஸ் 2007-இலேயே போய்விட்டது. 'டிர்' ஃபங்ஷனை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். பிவட் டேபிள், பிவட் சார்ட் வியூக்கள் 2013-இல் போயின. சொந்தமாகச் செய்த மெனுக்கள் காணாமல் போகவில்லை, ரிப்பனில் 'ஆட்-இன்ஸ்' டேபுக்குள் ஒதுங்கியிருக்கும். எல்லாம் திருத்தியதும் 'டீபக்' மெனுவில் 'கம்பைல்' கொடுங்கள். எழுத்து மங்கி அழுத்த முடியாமல் ஆனால் கோட் முழுதும் கம்பைல் ஆகிவிட்டது என்று பொருள்.

லிங்க் டேபிள்: டேட்டா இரண்டாகப் பிரியும் இடம்

பலர் சேர்ந்து பயன்படுத்தும் டேட்டாபேஸ் பெரும்பாலும் இரண்டு ஃபைலாக இருக்கும்: டேபிள்கள் மட்டும் உள்ள பின்பக்க ஃபைல் சர்வரில், ஃபார்ம்-ரிப்போர்ட் உள்ள முன்பக்க ஃபைல் ஒவ்வொருவர் கணினியிலும். முன்பக்கத்தை மாற்றினால் பின்பக்கம் மாறாது. பின்பக்கத்தைத் தனியாக மாற்றினாலும், முன்பக்கத்தில் உள்ள லிங்க்குகள் பழைய எம்டிபியையே காட்டிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாம் அழகாக வேலை செய்யும், பழைய ஃபைலில்.

ஐந்து பேரில் இருவருக்குப் புதிய முன்பக்கம் போய், மூவர் பழையதிலேயே இருந்தால் என்ன ஆகும்? இரண்டு ஃபைலிலும் ஆட்டோநம்பர் ஒரே எண்ணிலிருந்து தொடரும். 4812 என்ற எண்ணில் இங்கே ஒரு பில், அங்கே வேறொரு பில். பிறகு இரண்டையும் சேர்க்க நினைத்தால் எண்கள் மோதும். அந்த எண்ணைப் பிடித்துத் தொங்கும் துணை டேபிள்களிலும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

ஆகவே இந்த வரிசையை மீற வேண்டாம். முதலில் பின்பக்கத்தை மாற்றுங்கள். மாற்றிய உடனே சர்வரில் உள்ள பழைய எம்டிபியின் பெயரை மாற்றி வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ரீட்-ஒன்லி ஆக்கினால் மட்டும் போதாது, ரிப்போர்ட்டுகள் பழைய கணக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு முன்பக்கத்தை மாற்றி, 'லிங்க்ட் டேபிள் மேனேஜர்' திறந்து, எல்லா டேபிளையும் தேர்ந்தெடுத்து, எப்போதும் புதிய இடத்தைக் கேள் என்ற பெட்டியை டிக் செய்து, ஏசிசிடிபியைக் காட்டுங்கள். புதிய பதிப்புகளில் அந்தப் பெட்டிக்குப் பதில் 'ரீலிங்க்' பட்டன் இருக்கும். பின்பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் போடுவதாக இருந்தால், போட்டுவிட்டு லிங்க் செய்யுங்கள்.

ஒரு டேபிளும் தப்பவில்லை என்று உறுதி செய்ய, எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ் (MSysObjects) என்ற மறைந்திருக்கும் சிஸ்டம் டேபிளில் 'டைப்' 6 என்றுள்ள வரிகளை ஒரு க்வெரியில் எடுங்கள். வேறு ஆக்சஸ் ஃபைலிலிருந்து வரும் லிங்க்குகள் அவற்றில்தான் இருக்கும். 'டேட்டாபேஸ்' பத்தியில் ஒவ்வொன்றின் முழுப் பாதையும் இருக்கும். எம்டிபி என்று முடியும் வரி ஒன்றாவது இருந்தால் வேலை பாக்கி.

விபிஏ எடிட்டரில் கன்ட்ரோல்-எஃப் அழுத்தி, 'கரன்ட் ப்ராஜெக்ட்' தேர்ந்தெடுத்து, எம்டிபி எக்ஸ்டென்ஷனைத் தேடுங்கள். பாதையைக் கோடிலேயே எழுதிவைத்த இடங்கள் எப்படியும் இரண்டு மூன்று கிடைக்கும். அடுத்து வெளியே பாருங்கள்: டெஸ்க்டாப் ஷார்ட்கட்கள், இந்த டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எக்செல் ஃபைல்கள், ஓடிபிசி (வேறு புரோகிராம்கள் டேட்டாபேஸோடு இணைய விண்டோஸில் வைக்கும்) அமைப்புகள், ஜெட் 4.0 வழியாக இணையும் வேறு புரோகிராம்கள். கடைசியாகச் சொன்னவை ஏசிசிடிபியைப் பார்த்து 'அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மட்' என்று சொல்லும். இணைப்பு வரியில் ஜெட் 4.0-க்குப் பதில் ஏஸ் 12.0 அல்லது 16.0 என்று மாற்ற வேண்டும். இரவு நேரத்தில் தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட்டை மறந்துவிடாதீர்கள். அது பழைய எம்டிபியைத்தான் தேடும். கிடைக்காமல் போனதைப் பல ஸ்கிரிப்ட்டுகள் வெளியே சொல்வதே இல்லை.

சரிபார்ப்பு

தாளில் எழுதி வைத்த எண்களை எடுத்துப் புதிய ஃபைலோடு ஒப்பிடுங்கள். வரி எண்ணிக்கை ஒன்றாக இருந்து கூட்டுத்தொகை மாறினால் அந்தப் பத்தியின் டேட்டா டைப்பைப் பாருங்கள். ரிலேஷன்ஷிப் ஜன்னலில் கோடுகள் எல்லாம் இருக்கின்றனவா, ஒவ்வொன்றிலும் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி (துணை டேபிளில் அனாதை வரி நுழையாமல் தடுக்கும் விதி) டிக் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இம்போர்ட் வழியில் வந்தவர்களுக்கு இது கட்டாயம். ஓஎல்இ பத்தியில் (வேறு புரோகிராமில் உருவானதை உள்ளே வைக்கும் பத்தி) படம் வைத்திருந்தால் நான்கைந்தைத் திறந்து பாருங்கள். படத்தைக் காட்டும் பழைய புரோகிராம் இப்போதைய கணினியில் இல்லாவிட்டால் வெறும் ஐகான்தான் தெரியும். அதிகம் பயன்படும் மூன்று ரிப்போர்ட்டுகளைப் பழையதிலும் புதியதிலும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள்.

புதிய வசதிகளை உடனே தொட வேண்டாம். அட்டாச்மென்ட், பல மதிப்புப் பத்தி, கணக்கிடும் பத்தி இவற்றில் ஒன்றைச் சேர்த்தாலும் எம்டிபியாகத் திரும்பச் சேமிக்க முடியாது. 2016-இல் வந்த 'லார்ஜ் நம்பர்' வகையைச் சேர்த்தால் அதற்கு முந்தைய ஆக்சஸ் பதிப்புகளும் கதவைச் சாத்திவிடும். ஒரு மாதக் கணக்கு முடிப்பு சிக்கலில்லாமல் போகும்வரை திரும்பும் வழி திறந்தே இருக்கட்டும்.

பழைய எம்டிபியை ஜிப் செய்து, உள்ளே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டு வையுங்கள்: மாற்றிய தேதி, எந்த ஆக்சஸ் பதிப்பால் மாற்றியது, பாஸ்வேர்ட் எங்கே குறித்திருக்கிறது, அந்தத் தாளில் இருந்த எண்கள். எம்டிடபிள்யூ ஃபைல் இருந்தால் அதையும் கூடவே சேருங்கள். அது இல்லாமல் பாதுகாப்புப் போட்ட எம்டிபியைப் பிறகு திறக்க முடியாது.